குட்டி யானைக்கு எதுக்குங்க கோட்டு?

எங்க சித்தப்பா குட்டி யானை வாங்கிட்டார். எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க, அது இங்க விஷயம் இல்ல. 2005ல டாடா ஏஸ் வந்ததுல இருந்து எங்க தொட்டியம் பக்கம் நாலு சக்கரத்துல சின்னதா எந்தச் சரக்கு வண்டி வந்தாலும் அது குட்டி யானைதான். வாழைத்தார், வெத்தலைக் கட்டு, கோரை, உர மூட்டை, பந்தல் சாமான், பொண்ணு வீட்டுச் சீர்வரிசை, எல்லாம் அதுலதான் போகும்.

சித்தப்பா பல வருஷம் அடுத்தவங்க வண்டியை ஓட்டினவர். 2025 செப்டம்பர் 22ல சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்துல இருந்து 18 சதவீதமா குறைஞ்சப்பதான் அவருக்குச் சொந்த வண்டி ஆசை தலைக்கு ஏறுச்சு. "நீ பி.காம் படிக்கிறியே, வந்து பில்லைப் பாருடா"ன்னு என்னையும் ஷோரூமுக்குக் கூட்டிட்டுப் போனார். மூணு வருஷப் படிப்புல முதல் முறையா என்னை ஒருத்தர் நம்பினார். அந்த நம்பிக்கையை நான் எப்படிக் காப்பாத்தினேன்கிறதுதான் கதை.

கொட்டேஷன்ல வண்டி விலை, ரோடு டாக்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் வரிசையா இருந்துச்சு. அதுங்களுக்கு நடுவுல ரொம்ப அப்பாவியா ஒரு வரி. அண்டர்கோட்டிங் மற்றும் பெயிண்ட் புரொடெக்‌ஷன், 18,500 ரூபாய்.

"இது என்னங்க?"

"வண்டிக்கு அடியில துரு பிடிக்காம இருக்க ஒரு கோட்டிங் சார். மேல பெயிண்ட்டுக்கு டெஃப்லான். அஞ்சு வருஷத்துக்கு வண்டி புதுசு மாதிரியே இருக்கும்."

"இது இல்லாம எடுக்கலாமா?"

"தாராளமா எடுக்கலாம் சார். ஆனா அடியில துரு வந்தா அப்புறம் எங்ககிட்ட வரக் கூடாது."

கடைசியா சொன்னாரே, அந்த ஒரு வரியோட விலைதான் 18,500. நான் என்னென்னவோ சொல்லிப் பாத்தேன். சித்தப்பா என் காதுல, "வரி குறைஞ்சதுல மிச்சமான காசுதானேடா, போட்டுடுவோம்"னார். ஒரே பணத்துக்கு மனசு தனித்தனி உண்டியல் வைக்கும்னு ரிச்சர்ட் தேலர் சொன்னார், 2017ல நோபல் பரிசும் வாங்கினார். சித்தப்பா மனசுல வரி மிச்சம்னு ஒரு உண்டியல் இருந்துச்சு. விக்கிறவருக்கு அது நல்லாத் தெரிஞ்சிருந்துச்சு.

உலக சினிமா பாக்குறவங்களுக்கு இந்த இடத்துல ஃபார்கோ ஞாபகம் வந்திருக்கும். 1996ல கோயன் சகோதரர்கள் எடுத்த படம். கார் விக்கிற ஜெர்ரி, வேண்டாம்னு முன்னாடியே சொன்ன ஒருத்தர் தலையில துரு தடுப்புப் பூச்சைக் கட்டுவான். சண்டை முத்தினதும் முதலாளிகிட்ட கேட்டு வரேன்னு உள்ள போய், கூட வேலை பாக்குறவன்கிட்ட சும்மா பேசிட்டு வந்து, நூறு டாலர் குறைச்சுக்கலாம்பான். எங்களுக்கும் ஒருத்தர் உள்ள போய்ட்டு வந்தார். மேட் இலவசமாக் கிடைச்சுது :)

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தப் பூச்சே ஏமாத்து வேலைன்னு நான் சொல்லல. அது பொறந்த ஊர்ல அதுக்கு நியாயம் இருக்கு. அமெரிக்காவுல, கனடாவுல குளிர்காலத்துல ரோட்டுல பனி உறைஞ்சா அதைக் கரைக்க உப்பை அள்ளிக் கொட்டுவாங்க. உப்புத் தண்ணி டயர்ல பட்டு மேல அடிச்சு, வண்டியோட அடிவயித்துல இடுக்கு இடுக்கா உக்காந்துக்கும். இரும்பு துருப்பிடிக்கத் தண்ணியும் காத்தும் போதும், உப்பு சேந்தா அந்த வேலை பல மடங்கு வேகமா நடக்கும். டெட்ராய்ட்ல கர்ட் சீபார்ட்னு ஒரு ஜெர்மன் மெக்கானிக் இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சு, அவர் பேர்ல 1959ல கம்பெனியே வந்துச்சு. துரு தடுப்புன்னாலே அந்தப் பேரைச் சொல்ற அளவுக்கு அங்க ஓடுச்சு.

அப்புறம் தொழிற்சாலைகளே முழிச்சுக்கிட்டாங்க. 1970கள்ல இருந்து வண்டிக் கூட்டை அப்படியே பெயிண்ட் தொட்டிக்குள்ள முக்கி, மின்சாரம் பாய்ச்சி, கை போகாத இடுக்குல கூட பிரைமர் படியுற மாதிரி பண்ண ஆரம்பிச்சாங்க. துத்தநாகம் பூசின தகடும் வந்துச்சு. இன்னைக்கு வர்ற வண்டி கேபினுக்கு ஷோரூம் பின்பக்கம் ஒரு பையன் ஸ்பிரே கன்னோட அடிக்கிற பூச்சு, இதுக்கு மேல போடுற ஒரு சால்வை. அவ்வளவுதான்.

தொட்டியத்துல பனி பெய்யாது. சித்திரையில தார் உருகும், ஐப்பசியில மழை ஊத்தும். ரோட்டுல யாரும் உப்புக் கொட்டுறது இல்ல. அப்ப எங்க ஊர் வண்டிக்குத் துரு எங்க இருந்து வருது? இதைத்தான் நான் ஒரு வாரமா ஊர்ல நிக்கிற பழைய குட்டி யானைகளை எல்லாம் சுத்திச் சுத்திப் பாத்தேன். (ரெண்டு பேர் திருடன்னு நினைச்சாங்க, ஒருத்தர் வண்டி வாங்க வந்திருக்கேன்னு நினைச்சு விலை சொல்ல ஆரம்பிச்சுட்டார்.)

அடியில சேஸிஸ் பெரும்பாலும் நல்லா இருந்துச்சு. மேலாகச் செம்பழுப்பா ஒரு படலம், தட்டினா கணீர்னு சத்தம். ஓட்டை விழுந்து கிடந்தது எல்லாம் மேல, லோடு பாடியில. தரைத் தகடும் பக்கத் தகடும் சேர்ற மூலை, பின் டோரோட கீழ்விளிம்பு, கீல் இருக்கிற இடம். ஒரு வண்டியில மூலை வழியா என் சுண்டுவிரல் போச்சு.

காரணம் யோசிச்சா ரொம்பச் சாதாரணம். எங்க வண்டிக்கு உப்பு கீழ இருந்து வரல, மூட்டையா மேல ஏறுது. வாழை பொட்டாஷ் கேக்குற பயிர். பொட்டாஷ்னு கடையில கொடுக்கிறது பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்பு சோடியம் குளோரைடு. இரும்பைத் தின்ன உதவுற அந்தக் குளோரைடு ரெண்டுலயும் இருக்கு. மூட்டையில இருந்து சிந்துற ஒரு கைப்பிடி பொட்டாஷ் மூலையில தங்கும். மறுநாள் ஈரம் சொட்டச் சொட்ட வாழைத்தார் ஏறும். அதுக்கு மறுநாள் ஜல்லியோ இரும்புக் கம்பியோ ஏறி, பெயிண்ட்டைச் சுரண்டி வெறும் தகட்டைக் காட்டிடும். இதுக்கு மேல துருவுக்கு வேற என்ன அழைப்பிதழ் வேணும்?

இந்தியாவுக்குத் தேவையான பொட்டாஷ் வெளிநாட்டுல இருந்துதான் வருது, அதுல கனடாவும் ஒண்ணு. கனடாக்காரன் ரோட்டுல போடுற உப்புக்காகக் கண்டுபிடிச்ச பூச்சை நாம வண்டிக்கு அடியில பூசிக்கிட்டு, அதே ஊர்ல இருந்து கப்பல் ஏறி வந்த உப்பை வெறும் தகட்டு மேல ஏத்துறோம். நான் சொல்ல வர்றது இது ஒண்ணுதான். உப்பு எங்க இருக்கோ அங்க காசைப் போடுங்க.

உப்பு அடியில இருக்கிற ஊரும் நம்ம தமிழ்நாட்டுலயே இருக்கு. வேதாரண்யம், தூத்துக்குடி உப்பளத்துக்குள்ள போற லாரி, ராமேஸ்வரத்துல மீன் ஏத்தி ஐஸ் தண்ணியும் உப்புத் தண்ணியும் ஒழுக ஒழுக வர்ற வண்டி, இதுங்களுக்கு 18,500 கொடுத்தாலும் தப்பில்ல. 2025 ஏப்ரல் 6ல திறந்த புதுப் பாம்பன் பாலத்தைப் பாருங்க. கடல் காத்துக்குப் பயந்து பாலிசிலாக்ஸேன்னு ஒரு தனிப் பூச்சு, கான்கிரீட்டுக்குள்ள துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, இணைப்பெல்லாம் முழுசா வெல்டிங். துருவை ஆராயவே காரைக்குடியில மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு, 1948ல நேரு அடிக்கல் நாட்டினது. ஆக, இது விளையாட்டு விஷயம் இல்ல. அதனாலதான் இடம் தெரியாம அடிச்சு விடுறதைப் பாத்தா கோபம் வருது.

இடம் தெரியாமன்னு ஏன் சொல்றேன்னா, டெலிவரி எடுத்த பதினஞ்சாம் நாள் வாட்டர் சர்வீஸுக்கு விட்டோம். ராம்ப்ல ஏத்தினதும் நான் அடியில போய் நின்னு அண்ணாந்து பாத்தேன். கறுப்பா தார் மாதிரி பூசியிருந்தாங்க. பூசினது கூடப் பரவாயில்ல, மண்ணோட சேத்துப் பூசியிருந்தாங்க. யார்டுல நின்னப்ப ஒட்டின சேத்து மேலேயே அடிச்சிருக்காங்க. ஒரு இடத்துல நகத்தால கிள்ளினேன், அப்பளம் மாதிரி மண்ணோட சேந்து உரிஞ்சு வந்துச்சு. பூச்சுக்கும் தகட்டுக்கும் நடுவுல ஈரம் போய் உக்காந்தா வெளிய வர வழியே இல்ல. பூசாத இடம் மழை நின்னதும் காஞ்சிடும், இப்படிப் பூசின இடம் உள்ளுக்குள்ள நமுத்துக்கிட்டே இருக்கும்.

அதை விட மோசம் ஒண்ணு. கதவோட அடிவிளிம்புல சின்னச் சின்ன ஓட்டை விட்டிருப்பாங்க, கவனிச்சிருக்கீங்களா? கண்ணாடி வழியா கதவுக்குள்ள இறங்குற மழைத் தண்ணி வடியறதுக்காக. ரெண்டு கதவுலயும் அந்த ஓட்டை எல்லாம் தாரால அடைச்சிருந்துச்சு. துருவைத் தடுக்கக் காசு கொடுத்து, தண்ணி தேங்க ஏற்பாடு பண்ணி வாங்கியிருக்கோம். சர்வீஸ் ஸ்டேஷன் அண்ணன் ஸ்க்ரூடிரைவரால குத்தினார். பழுப்புத் தண்ணி அவர் கை மேலேயே கொட்டுச்சு. சித்தப்பா ஒண்ணும் பேசல. பீடி பத்த வெச்சுக்கிட்டு ரோட்டுப் பக்கம் போய்ட்டார்.

அந்த அண்ணன் உடனே, "கழுவிட்டு ஆயில் ஸ்பிரே அடிச்சிடட்டுமா தம்பி?"ன்னார். இதையும் சொல்லிடறேன். பழைய இன்ஜின் ஆயிலும் டீசலும் கலந்து அடிக்கிற வழக்கம் நம்ம பக்கம் ரொம்ப நாளா இருக்கு. துருவுக்கு அது ஓரளவு நல்லதுதான். ஆனா ரப்பர் புஷ் எண்ணெயில ஊறினா உப்பிப் போகும், பிரேக் பக்கம் பட்டா ஆபத்து, ஒழுகுறது எல்லாம் வாய்க்காலுக்குத்தான் போகும். காவிரியில இருந்து தண்ணி எடுக்கிற ஊர்க்காரங்க நாம. வேண்டாம்னுட்டேன்.

அடுத்து டெஃப்லான். தோசைக்கல்லுல இருக்கே, அதேதான். 1938ல டூபாண்ட் கம்பெனியில ராய் பிளங்கெட் தற்செயலாக் கண்டுபிடிச்சது. அதோட பெருமையே எதுவும் அதுல ஒட்டாதுங்கிறதுதான். அப்ப அது மட்டும் எப்படிங்க வண்டியில ஒட்டும்? தோசைக்கல்லுல சூட்டுல வெச்சு உருக்கி ஒட்ட வைக்கிறாங்க, அது உருக 327 டிகிரி செல்சியஸ் வேணும். அந்தச் சூட்டுல வண்டி பெயிண்ட் கருகிடும். ஆக, துணியால தேய்ச்சுவிட்ட அந்தப் பாலிஷ்ல டெஃப்லான் துகள் இருந்தாலும் இல்லாட்டியும் நமக்கு வித்தியாசம் இல்ல, மெழுகு பண்ற வேலைதான் நடக்கும். மெழுகு நல்லதுதான். தண்ணி முத்து முத்தா ஓடும், காக்கா எச்சம் சீக்கிரம் போகும். ஆனா சில மாசத்துல வெயிலும் சோப்புத் தண்ணியும் அதைக் கொண்டு போயிடும். அஞ்சு வருஷம்னு சொன்னதை நம்ம திருச்சி வெயில்கிட்ட சொல்லிப் பாருங்க.

கார் வெச்சிருக்கவங்க பீங்கான் பூச்சு, ஃபிலிம்னு ஒட்டுறாங்க. பளபளப்புக்காக வாங்குற வண்டிக்கு அது சரி, அவங்க இஷ்டம். சரக்கு வண்டியில அஞ்சு வருஷப் பளபளப்புக்கு ஆயுள் ஏது? நம்ம ஊர்ல இருந்து கிளம்பினா கொஞ்ச நேரத்துல நாமக்கல். லாரிக்குப் பாடி கட்டுறதுல இந்தியா முழுக்கப் பேர் வாங்கின ஊர். அங்க எந்தப் பெயிண்ட்டரைக் கேட்டாலும் சொல்வார், எஃப்.சி. வந்தா லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிறது வழக்கம். சரக்கு வண்டிக்கு முதல் எட்டு வருஷம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்.சி., அப்புறம் வருஷா வருஷம். ரெண்டு வருஷத்துல டச்சப் பண்ணப் போற பெயிண்ட்டுக்கு அஞ்சு வருஷக் காப்பு!

இப்ப நம்ம சப்ஜெக்ட். 18,500 ரூபாயைச் சித்தப்பா கையில இருந்து எடுத்துக் கொடுக்கல, அது லோன்ல ஏறிடுச்சு. 11 சதவீத வட்டி, 48 மாசம். கணக்குப் போட்டா இந்தப் பூச்சுக்கு மட்டும் மாசம் 478 ரூபாய் ஈ.எம்.ஐ., மொத்தமா ஏறக்குறைய 22,950. வட்டி மட்டுமே 4,450 போல வருது. வாடகைக்கு ஓட்டுற லாரிக்கு வருமான வரிக் கணக்குல வருஷம் 30 சதவீதம் தேய்மானம். பூச்சையும் வண்டி விலையோட சேத்துச் சொத்தாக் காட்டினா முதல் வருஷக் கடைசியில அதோட மதிப்பு 12,950 ரூபாய்னு புஸ்தகத்துல நிக்கும். நான் நகத்தால உரிச்சுப் பாத்தது அந்த 12,950ஐத்தான்.

வாரண்டி அட்டையையும் படிச்சேன். யாரும் படிக்கிறதில்ல, அந்தத் தைரியத்துலதான் எழுதியிருக்காங்க. வருஷா வருஷம் அவங்ககிட்டயே காசு கொடுத்துச் செக் பண்ணணும், ஒரு வருஷம் விட்டாலும் வாரண்டி காலி. உரம், உப்பு, ரசாயனம் ஏத்தினா வாரண்டி கிடையாது. தொட்டியத்துல குட்டி யானை வாங்குறவர் உரம் ஏத்தாம வேற என்ன, சுற்றுலாப் பயணிகளையா ஏத்துவார்?

சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம், பரீட்சைக்கும் ஆகும். வியாபாரத்துக்காக வாங்குறவர் நுகர்வோர் இல்லன்னுதான் பொதுவா நினைக்கிறோம். ஆனா பொழைப்புக்காக வாங்கித் தானே உழைக்கிறவர் நுகர்வோர்தான்னு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தெளிவாச் சொல்லுது. லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் வழக்குல, 1995ல, உச்ச நீதிமன்றம் லாரியையே உதாரணமாச் சொல்லியிருக்கு. வாங்கினவரே ஓட்டிப் பொழைச்சா அவர் நுகர்வோர். இந்த வழக்கை அஞ்சு மார்க்குக்காக மனப்பாடம் பண்ணினப்ப, அதுக்குள்ள எங்க சித்தப்பா உக்காந்திருக்கார்னு எனக்குத் தெரியாது.

இது இல்லாம வண்டி தரமாட்டேன்னு கட்டாயப்படுத்தினா, அது கட்டுப்படுத்தும் வணிக நடைமுறைன்னு அதே சட்டத்துல இருக்கு. ஆனா எங்ககிட்ட யாரும் கட்டாயப்படுத்தல. தாராளமா எடுக்கலாம்னுதான் சொன்னாங்க. பயத்தை மட்டும் வெச்சுட்டு, முடிவை நம்ம கையில விட்டுட்டாங்க. அதான் சாமர்த்தியம். கூட நின்ன பி.காம் பையன், அப்ப ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். இந்த வாரண்டி அட்டையைக் காட்டுங்க, படிச்சுட்டுச் சொல்றோம்னு. கேக்கல. பில்லுல கூட்டல் சரியா இருக்கான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். கூட்டல் சரியாத்தான் இருந்துச்சு.

இப்ப என்ன பண்றோம்னா, லோடு பாடி உள்பக்கம் சுரண்டல் விழுந்த இடத்தை எமரி தாள் போட்டுத் தேய்ச்சு, ரெட் ஆக்ஸைடு அடிச்சு, மேல எனாமல். பட்டறையில ஒரு பெயிண்ட்டர் அரை நாள்ல முடிச்சார். கூலி, சாமான் எல்லாம் சேத்து 1,600 ரூபாய். உர மூட்டை ஏத்துற அன்னைக்கு அடியில பழைய தார்ப்பாய் விரிக்கிறோம். இறக்கினதும் மூலையில வெறும் தண்ணி அடிச்சுக் கழுவணும், ராத்திரி எத்தனை மணி ஆனாலும். இந்த வேலை எனக்குன்னு சித்தப்பா முடிவு பண்ணிட்டார், பில் பாத்ததுக்குத் தண்டனை. அந்த இலவச ரப்பர் மேட்டையும் வாரம் ஒரு தடவை தூக்கிக் காய வைக்கிறோம், அதுக்கு அடியிலயும் தண்ணி தேங்குது.

நடுவுல வண்டியை நாமக்கல் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் பூஜைக்குக் கொண்டு போனோம். பதினெட்டடிச் சாமி, மேல கூரை கிடையாது. வெயில், மழை எல்லாம் நேரா அவர் மேலதான். எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில வெச்சுக்கிட்டே சித்தப்பா என்னைப் பாத்தார். "இவருக்கு யாருடா கோட்டிங் அடிச்சா?"ன்னார். ராம்ப்ல பாத்த நாளுக்கு அப்புறம் இந்த விஷயத்தைப் பத்தி அவர் வாயைத் திறந்தது அன்னைக்குத்தான்.

அடுத்த மாசம் அவரோட பழைய கூட்டாளி ஒருத்தர் வண்டி எடுக்கப் போறாராம். ஷோரூமுக்கு என்னைக் கூப்பிடல. சித்தப்பாவைத்தான் கூப்பிட்டிருக்கார்.